ஸுலைஹா நெய்த சாறனின் மறுபாதி

மருதமுனையில் ஸுலைஹாவுக்கு இரண்டு விஷயத்தில் பேர் இருந்தது. ஒன்று, அவள் காய்ச்சிப் போட்ட சாயம் போகாது. எத்தனை தரம் தோய்த்தாலும், உப்புத் தண்ணீரில் அலசினாலும், அவள் நெய்த சாறனின், ஆண்கள் இடுப்பில் உடுத்தும் கைலியின், சிவப்பு சிவப்பாகவே இருக்கும். மற்றது அவளுடைய பொறாமை. அதுவும் அப்படித்தான். எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது.

பெரியநீலாவணையிலிருந்து மீன் கொண்டு வரும் பெண் ஒருத்தி ஒரு நாள் அவளுடைய புருஷன் அச்சிமுகம்மதுவுக்குப் பெரிய பாரையாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தாள். அவ்வளவுதான். மூன்று மாதம் அந்த வீட்டில் பச்சை மீன் ஏறவில்லை. இன்னொரு தரம் அவன் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, "அதுக்கு மட்டும் கை நீளுது" என்று சொல்லி ஒரு நாள் முழுக்கக் கதைக்காமல் இருந்தாள்.

அச்சிமுகம்மது சிரிப்பான், பதில் சொல்ல மாட்டான். கப்பலில் சமையல்காரன் அவன். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவான், மூன்று மாதம் நிற்பான், போவான். அவனிடம் ஒரு குணம் இருந்தது, ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்குப் பொய் சொல்ல வராது. கேட்டால் உள்ளதைச் சொல்வான், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டிருப்பான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு அவன் கப்பலை விட்டு ஒரேயடியாக வந்துவிட்டான். கொதிநீர் கொட்டி இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போயிருந்தன. ஸுலைஹா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் அவனுடைய பெட்டியைத் திறந்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சாமான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி அவன் போகும்போது அவள் ஒரு சாறன் நெய்து கொடுத்திருந்தாள். கரையில் ஏழு சிவப்புக் கோடு, இரண்டு பச்சைக் கோடு, நடுவில் ஒற்றை மஞ்சள் நூல். அந்த மஞ்சள் ஐந்து விரல் அகலத்துக்கு ஒரு தரம் உள்ளே ஒளிந்து, திரும்ப வெளியே வரும். அதை எப்படி ஒளிய வைப்பது என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த வித்தை. "இது உங்களுக்கு மட்டும். இன்னொராளுக்கு நெய்ய மாட்டன்" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

பெட்டியின் அடியில் அது இருந்தது. பாதிதான் இருந்தது.

கிழிந்த பாதியல்ல. கத்திரிக்கோலால் நேராக வெட்டின பாதி.

"மச்சான், இதுட மத்தப் பாதி எங்க?"

"குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"அங்க ஒராளுக்கு."

"ஆம்பிளையா, பொம்பிளையா?"

அச்சிமுகம்மது கூரையைப் பார்த்தான். முற்றத்தில் கொத்திக்கொண்டிருந்த கோழியைப் பார்த்தான். "பொம்பிளை" என்றான்.

இந்தக் கடற்கரை ஊர்களில் ஒரு ஆண் ஒரு பெண்ணுக்குச் சும்மா துணி கொடுப்பதில்லை. கலியாணத்தன்று மாப்பிள்ளை கொண்டு வரும் கூறைப்புடவையை உடுத்த பிறகுதான் பெண் மனைவி ஆகிறாள். சொந்தத் தங்கச்சிக்குப் பெருநாள் புடவை வாங்கினால்கூட உம்மாவின் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். ஸுலைஹாவுக்குக் கலியாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் ஒரு பெண் எதற்குப் பயந்துகொண்டிருப்பாள் என்று சொல்லத் தேவையில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் அவன் இரண்டாம் கூறை கொடுத்திருக்கிறான். அதுவும் எதை? இவள் கையால் நெய்ததை!

"அவள்ட பேர் என்ன?"

"தெரியா."

"பேர் தெரியாத பொம்பிளைக்கு என்ட சாறன வெட்டிக் குடுத்தீங்களா?"

"நான் கேக்கல்ல, அவவும் சொல்லல்ல."

"என்ன வயசு?"

"உன்ட வயசு இரிக்கும்."

ஸுலைஹா கேட்காமல் விட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள். "அழகா?"

அவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பாவி மனிதன், அன்றைக்கென்று பதில் சொன்னான். "ஓம்."

"என்னத்துக்குக் குடுத்தீங்க?"

"அத மட்டும் கேக்காத புள்ள. சொல்லேலா."

வீடு ஸுலைஹாவுடையது. உம்மா வழியில் சீதனமாக வந்தது. இந்த ஊரில் கோபம் வந்தால் வெளியே போக வேண்டியது மாப்பிள்ளைதான். அவள் அவனை வெளியே அனுப்பவில்லை. அவனுடைய பெட்டியை மட்டும் அறையிலிருந்து இழுத்து வந்து நடு மண்டபத்தில் வைத்தாள். இன்னும் ஒரு இழுவை இழுத்தால் வாசல். அவனுக்கு அது விளங்கியது.

தறிக்கு நூல் சுற்றித் தர வரும் அடுத்த வீட்டுச் சரீபாவுக்குப் பெட்டியைப் பார்த்ததும் கதை விளங்கிவிட்டது.

"என்னகா, பெட்டி நடந்து வருது?"

"அவருக்கு அங்க ஒருத்தி இரிக்காள்."

"சும்மா கதைக்காத கா. அந்த மனிசன் வாயே துறக்கிற இல்ல. எப்பிடி ஒருத்தியப் பிடிச்சாராம்?"

"வாய் என்னத்துக்கு? கத்திரிக்கோல் போதும்" என்றாள் ஸுலைஹா.

இரண்டு மாதம் அப்படிப் போனது. சோறு போடுவாள். தேத்தண்ணி வைப்பாள். கோப்பையைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அச்சிமுகம்மது அதைச் சுற்றிப் போய் வந்தான். தொழுதான், கிணற்றடியில் வாழைக்குத் தண்ணீர் ஊற்றினான். பகல் பதினொரு மணியானால் மட்டும் வாசலில் வந்து நிற்பான். தபால்காரர் கந்தப்போடி வரும் நேரம் அது.

ஒரு நாள் அவன் கல்முனைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கந்தப்போடி வந்தார்.

"தங்கச்சி, உங்கட அவருக்கு வெளிநாட்டுக் கடிதம். முத்திரையப் பாருங்க, பிரான்சு. எனக்கு இந்த முத்திரையத் தருவாரோ எண்டு கேளுங்க."

"பெண்டாட்டி நெய்த சாறனையே வெட்டிக் குடுக்கிறவர், முத்திரையத் தர மாட்டாரா? கேட்டுப் பாருங்க" என்றாள் ஸுலைஹா. கந்தப்போடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவளுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனாலும் உடைத்தாள். உள்ளே எழுத்தே இல்லை. வெறும் வெள்ளைக் கடதாசி, நான்காய் மடித்தது. நடுவில் ஒரு நூல். ஒரு சாண் நீளச் சிவப்பு நூல்.

அவள் அதை விரலில் எடுத்தாள். பார்க்கக்கூடத் தேவையில்லை, தொட்டதுமே தெரிந்துவிட்டது. வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மாதுளம் முத்தின் சிவப்பு. இரண்டு தரம் காய்ச்சி, ஒரு பகல் ஊற வைத்து, நிழலில் உலர்த்தின சிவப்பு. தன் சொந்த நூல்! அந்தப் பெண் அவளுடைய சாறனிலிருந்து நூல் உருவி அவளுடைய புருஷனுக்கே அனுப்பியிருக்கிறாள்.

 ஒரு வரி எழுதியிருந்தாலாவது பொறுத்திருப்பாள். எழுத்தே தேவைப்படாத அளவுக்கு அப்படி என்ன நெருக்கம்? எங்கோ ஒரு வீட்டில், அவள் முகம் பார்த்திராத ஒருத்தி, மடியில் அவளுடைய நெசவை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நூலாக, ஆசையாக... யா அல்லாஹ்!

அவன் வந்ததும் உடைத்த உறையை முகத்துக்கு நேரே நீட்டினாள். அச்சிமுகம்மது கடதாசியை விரித்தான். நூலைப் பார்த்தான். அவனுடைய முகம் மலர்ந்ததே, அதை அவள் மௌத்தாகும் வரை மறக்கப்போவதில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டுச் சொன்னான்.

அன்றைக்கே ஸுலைஹா தறியில் புதுப் பாவு ஏற்றினாள்.

அவள் செய்ததை ஒரு நெசவுக்காரிதான் செய்வாள். சண்டை பிடிக்கவில்லை, பெட்டியைத் தூக்கி எறியவில்லை. ஏழு சிவப்பு, இரண்டு பச்சை, ஒளிந்து வரும் ஒற்றை மஞ்சள். அவனுக்கு மட்டும் என்று சொன்ன அதே கரையை, சரீபாவையும் கூட்டி வைத்து, இரண்டு டசின் நெய்தாள். எல்லா ஆண்களும் உடுத்தட்டும். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லோரும் உடுத்தட்டும். அப்போது அங்கே இருக்கிறவள் மடியில் வைத்திருப்பது சந்தைச் சாமான் ஆகிவிடும்.

தறி இருந்த பத்திக் கொட்டிலுக்குள் அவன் எட்டிப் பார்க்காதபடி பன்னிரண்டு நாள் வாசலில் பாய் தொங்கியது. "ரெண்டு தரம் சோறு தாறன். இதுக்குள்ள வராதீங்க" என்றாள். அவன் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள், வியாழக்கிழமை, மூட்டையைக் கட்டிக்கொண்டு கல்முனைச் சந்தைக்குப் போய்த் துணிக்கடை மஜீட் முதலாளியிடம் கொடுத்தாள். மஜீட் ஒரு சாறனை விரித்துப் பார்த்து, "இது என்ன புது வேலை? மஞ்சள் ஓடி ஒளிக்குது!" என்று வாய் பிளந்தார். கொழும்பில் துறைமுகத்தடியில் அவருக்கு ஒரு கடை வாடிக்கை. கப்பல்காரர்கள் வந்து வாங்கும் கடை. "இத அங்கதான் அனுப்பணும். கப்பல்காரனுகள் பறந்து பறந்து எடுப்பானுகள். சனிக்கிழமை விடிய லொறி போகுது" என்றார். பெருமையில் ஒன்றை எடுத்துப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ஹமீட்டுக்குச் சும்மா கொடுத்தார். ஹமீட் அங்கேயே பழைய சாறனின் மேல் புதுச் சாறனை உடுத்திப் பார்த்தான்.

மறுநாள் ஜும்மா முடிந்து அச்சிமுகம்மது வீட்டுக்கு வந்தபோது அவன் முகத்தில் இரத்தமே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஹமீட்டுட இடுப்பில என்ட சாறன் இரிக்கு."

"உங்கட இல்ல. ஹமீட்டுட" என்றாள் ஸுலைஹா. இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"எத்தின நெய்த?"

"ரெண்டு டசின்."

"எங்க போகுது?"

"கொழும்புக்கு. கப்பல்காரனுகளுக்கு."

அச்சிமுகம்மது தன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் எதிர்பார்த்தது கோபம். அவன் முகத்தில் இருந்தது பயம். ஒரு பெரிய ஆண் அப்படிப் பயந்து அவள் பார்த்ததே இல்லை.

"புள்ள, இரி. நான் சொல்றன். சொல்லப்படாது எண்டு வாக்குக் குடுத்த. ஆனா சொல்லாம விட்டா ஆக்கள் மௌத்தாகிப் போவாங்க."

பிறகு அவன் பேசினான். கலியாணமான நாள் முதல் பேசின எல்லாவற்றையும் கூட்டினாலும் அவ்வளவு வராது.

பில்பாவோ என்று ஒரு துறைமுகம். அவனுடைய கப்பல் இரும்புக்கல் ஏற்ற அங்கே போகும். அந்த ஊர்ச் சனத்துக்குப் பாஸ்க் என்று பேர். ஸ்பெயின் நாட்டுக்குள் இருக்கிறார்கள், பாஷை வேறு. நாட்டை ஒரு தளபதி பிடித்து வைத்திருக்கிறார். இருபது வருஷமாக அவர் சொன்னதுதான் சட்டம்.

"அங்க கட்சி கூடாது. சங்கம் கூடாது. வேலைநிறுத்தம் செய்தா மறியலுக்குள்ள போட்டுப் பூட்டுவாங்க. அவங்கட பாசையில பள்ளிக்கூடம் கூடாது."

"தாய்ப் பாசையிலயா?"

"ஓம்."

ஸுலைஹாவுக்கு இது புதுக் கதை இல்லை. சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து மூன்று வருஷமாக ஊரில் ஆண்கள் சந்தியில் நின்று பாஷையைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்குள்ள சில ஆக்கள் ஒளிச்சு ஒரு இயக்கம் நடத்துறாங்க. சோசலிசக்காரர். இரும்பு ஆலையில வேலை செய்யிறவன், துறைமுகத்தில மூட்டை தூக்குறவன், அப்பிடியாக்கள். இஞ்ச ஹர்த்தால் செய்தாங்களே, அப்பிடித்தான். ஆனா இஞ்ச மேடை போட்டுக் கத்தலாம். அங்க ஒரு கடதாசி கையில இரிந்தாலே முடிஞ்சுது. அதால கடதாசிய பிரான்சில அச்சடிச்சுக் கப்பல்ல கொண்டு வருவாங்க."

"அதுக்கு நீங்க என்ன?"

"நான்தான் கொண்டுபோன."

ஸுலைஹா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆட்டுக்குட்டியைத் தடவுகிற இந்த மனிதனா?

"எங்க ஒளிச்சு வெச்ச?"

"கருவாட்டு மூட்டைக்கு அடியில. நீ கட்டித் தந்த கருவாடுதான். பொலிசுக்காரன் வந்து மூட்டைய அவிழ்ப்பான், மூக்கப் பொத்துவான், போயிடுவான். நாலு வருசம் ஒருத்தனும் கைய உள்ளுக்கு விடல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். இன்னும் அந்தப் பெண்ணின் கதை வரவில்லை.

அந்தப் பெண் துறைமுகத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள். ஹலால் இல்லாத இறைச்சி தின்னாத இந்தக் கப்பல் சமையல்காரனுக்கு அவள் உப்பிட்டு உலர்த்தின மீனை ஊற வைத்துச் சமைத்துக் கொடுத்தாள். கருவாட்டின் அண்ணன் முறை போல ஒரு மீன். இரண்டு சமையல்காரர்களுக்கும் பாஷை இல்லாமலே விளங்கிவிட்டது. அவளுடைய புருஷன் வேலைநிறுத்தத்தில் பிடிபட்டு எட்டு வருஷமாகச் சிறையில் இருக்கிறான். கடதாசிக் கட்டு அவளிடம்தான் போய்ச் சேரும். அதற்கு மேல் யாருக்குப் போகிறது என்று அவனுக்குத் தெரியாது. அதுதான் அவர்களுடைய முறை. ஒருவருக்கு ஒருவரைத்தான் தெரியும், அதுவும் பேர் இல்லாமல். பேர் தெரிந்தால் அடி தாங்காமல் சொல்லிவிடுவார்கள்.

"முதல்ல ஒரு அடையாளச் சொல் இரிந்த. ஒருத்தர அடிச்சு அந்தச் சொல்ல வாங்கிட்டாங்க. பொலிசுக்காரனே வந்து கதவத் தட்டி அந்தச் சொல்லையே சொன்னான். மூணு பேர் பிடிபட்டுப் போயிட்டாங்க. மறுகா அவ சொன்னா, வாயால சொல்லேலாத ஒண்டு வேணும் எண்டு."

அவன் சாறனை உடுத்திக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் கரையைப் பிடித்துப் பார்த்தாள். மஞ்சள் ஒளிந்து வருவதை விரலால் தடவினாள். யார் செய்தது என்று சைகையில் கேட்டாள். என்ட பெண்டாட்டி என்று அவன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினான். அப்படி ஒரு கரையை அந்த நாட்டில் யாராலும் நெய்ய முடியாது. யாராலும் கள்ளமாய்ச் செய்ய முடியாது. பாதி அவளிடம். மற்றப் பாதியிலிருந்து வெட்டின ஒரு கீலம், ஒரு சின்னத் துண்டு, கொண்டு போகிறவனிடம். கோடும் கோடும் சேர்ந்தால் கதவு திறக்கும்.

"இப்ப ஆரு கொண்டுபோற?"

"கச்சிமுகம்மது."

கச்சிமுகம்மது அவனுடைய தங்கச்சியின் புருஷன். அதே கப்பலில் இப்போது அவன்தான் சமையல்காரன்.

"அவன் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்தா பிரான்சு வழியா ஒரு நூல் வரும். எழுத்து வந்தா பிடிபடும், நூல் வந்தா ஆருக்கும் விளங்காது. அண்டைக்கு வந்திச்சே, அதுக்குத்தான் அல்ஹம்துலில்லாஹ் எண்ட. நான் கப்பல விட்டு வரக்குள்ளயே பொலிசுக்கு ஏதோ ஒரு கலர்த் துணிதான் அடையாளம் எண்டு தெரிஞ்சிட்டு. எந்தத் துணி எண்டுதான் தெரியா. தேடித் திரியிறாங்க. உன்ட சாறன உடுத்திட்டு இருபது கப்பல்காரன் போய் இறங்கினா... பாவம், ஒண்டும் தெரியாத நம்மட புள்ளைகளையும் பிடிப்பாங்க. துணிய எடுத்திட்டு அவட கதவையும் தட்டுவாங்க. அவ திறப்பா. உன்ட நெசவ நம்பித் திறப்பா."

 முற்றத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

ஸுலைஹாவின் பொறாமை போய்விட்டது என்று நினைத்தால் அவளைத் தெரியாது என்று அர்த்தம். பொறாமை கூடிவிட்டது! முன்பு ஒரு பெண்ணின் மேல் இருந்தது. இப்போது அந்தக் கடையின் மேல், அந்த மூட்டையின் மேல், பேர் தெரியாத அத்தனை பேரின் மேலும் வந்தது. நாலு வருஷம் தன் புருஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறான். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, இவளுக்குத் தெரியவில்லை. இவளுடைய கருவாடு போயிருக்கிறது, சாறன் போயிருக்கிறது, சாயம் போயிருக்கிறது. இவள் மட்டும் போகவில்லை.

சும்மா இருந்தால் போதும். சனிக்கிழமை விடிய லொறி போய்விடும். அந்தக் கதவை யாராவது தட்டுவார்கள். இவள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. அந்த நினைப்பு ஒரு கணம் அவளுக்குள் வந்து நின்றது. நின்றதை அவளே பார்த்தாள். பார்த்துப் பயந்து போனாள்.

"எழும்புங்க" என்றாள். தலையில் சேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அஸர் தொழுகைக்கு முந்திப் போகணும்."

மஜீட் முதலாளியின் கடையில் அப்போது நாலைந்து நெசவுக்காரர்கள் இருந்தார்கள். ஹமீட்டும் புதுச் சாறனோடு வாசலில் நின்றான். மூட்டை லொறிக்குப் போகத் தைத்துத் தயாராக இருந்தது. ஸுலைஹா வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். என்ன சொல்லி வாங்குவது? காசு பேசினால் மஜீட் கூடக் கேட்பார், சந்தேகமும் படுவார். சாமான் பிழை என்றால்தான் திருப்பித் தருவார். நெசவில் பிழை இல்லை, எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

"முதலாளி, அந்தச் சாறன் எல்லாத்தையும் திருப்பித் தாங்க. சாயம் போகும்."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸுலைஹா தன் வாயாலேயே தன் சாயம் போகும் என்கிறாள்! பதினைந்து வருஷம் சேர்த்த பேர் அது. மற்றவர்களின் சாறனை விற்கும்போது "ஸுலைஹாட சாயம் மாதிரி" என்று சொல்லித்தான் மஜீட் விற்பார்.

"என்ன புள்ள, விசரா?" என்றார் மஜீட். "உன்ட சாயம் போனா கடலும் வத்தும். டேய் ஹமீட், ஒரு தேத்தண்ணி கொண்டா, கொதிக்கக் கொதிக்க."

ஹமீட் கொண்டு வந்தான். மஜீட் ஹமீட்டின் இடுப்பிலிருந்த சாறனின் முனையையே பிடித்து இழுத்துக் கோப்பைக்குள் அமுக்கினார். "முதலாளி, சுடுது, சுடுது!" என்று ஹமீட் துள்ளினான். துணியை எடுத்துப் பிழிந்து வெள்ளைக் கடதாசியில் ஒற்றினார். தேத்தண்ணிக் கறைதான் விழுந்தது. சிவப்பு ஒரு பொட்டுக்கூட இறங்கவில்லை.

ஸுலைஹாவுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. அதே மூச்சில் அழுகையும் வந்தது. தன் கை வேலையே தன்னைப் பொய்யாக்குகிறது!

"இப்ப போகாது. மூணாம் தோய்ச்சலில போகும். புதுச் சாயம், நான் ஏமாந்திட்டன்" என்றாள்.

மஜீட் அவளை நம்பவில்லை. கண்ணைச் சுருக்கி அச்சிமுகம்மதுவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. நீ பொய் சொல்ல மாட்டாய் எண்டு ஊருக்கே தெரியும். இந்தச் சாயம் போகுமா, போகாதா?"

ஸுலைஹா கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது. இந்த மனிதன் ஒன்று உள்ளதைச் சொல்வான், இல்லை பேசாமல் நிற்பான். இரண்டும் ஒன்றுதான்.

"போகும்" என்றான் அச்சிமுகம்மது.

 "தண்ணி எல்லாம் சிவப்பாகிப் போகும், முதலாளி. நான் கண்ணால பாத்த."

அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். வியர்வை கழுத்தால் ஓடிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் பொய்.

மஜீட் மூட்டையைக் காலால் தள்ளிவிட்டார். "கொண்டு போ. நல்ல வேளை, என்ட பேர் கெட இரிந்திச்சு." ஒரு நெசவுக்காரர் இன்னொருவரின் காதில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். ஹமீட் கடைக்குப் பின்னால் போய்ப் பழைய சாறனோடு வந்து, புதியதை மடித்து நீட்டினான். "ராத்தா, சாயம் போனாலும் பரவாயில்ல, இத நான் வெச்சிக்கிறனே" என்று கெஞ்சினான். "உன்ட கால் சிவப்பாகும்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

மூட்டையை அவன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவள் பின்னால் நடந்தாள். பாண்டிருப்பு தாண்டினதும் அவள் தொடங்கினாள்.

"அவளுக்காகப் பொய் சொன்னீங்க."

அவன் நின்றான்.

"நான் அழகா எண்டு கேட்டன் அண்டைக்கு. இல்ல எண்டு சொல்லியிரிந்தா என்ட ரெண்டு மாசம் இப்பிடிப் போகுமா? எனக்காக ஒரு சின்னப் பொய் உங்கட வாயில வரல்ல. அவளுக்காகச் சந்தையில நிண்டு, வெள்ளிக்கிழமை அதுவுமா, பெரிய பொய் வருது!"

 அச்சிமுகம்மது தலையில் மூட்டையை நேராக்கிக்கொண்டு திரும்ப நடந்தான். அவளுக்கு அவன் மேல் இரக்கம் வந்தது, ஆனாலும் விடவில்லை. வீடு வரும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

இரண்டு டசின் சாறனும் கறுப்புச் சாயப் பானைக்குள் போயின. ஸுலைஹா தன் கையாலேயே ஒவ்வொன்றாய் அமுக்கினாள். மாதுளம் சிவப்புச் சாக இரண்டு நாள் எடுத்தது. அவ்வளவு லேசில் அது விடவில்லை. சரீபா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "என்னகா இது, சாயம் போகும் எண்ட, இப்ப கறுப்பு ஊத்தினாலும் சிவப்பு எட்டிப் பாக்குது?" என்றாள். "கண்ணக் கழுவிட்டுப் பாரு" என்றாள் ஸுலைஹா. அந்த வருஷம் முழுக்க மஜீட் அவளிடம் வாங்கவில்லை. சந்தையில் அவளைக் கண்டால் மற்ற நெசவுக்காரிகள் தங்கள் துணியை எடுத்துத் தூர வைத்தார்கள், சாயம் பட்டுவிடும் என்று பகிடிக்கு. அவள் கேட்டுக்கொண்டு போனாள். ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, சொல்லாமல் இருப்பது எவ்வளவு பாரம் என்று.

ஆனி மாதம் கச்சிமுகம்மது லீவில் வந்தான். வந்தவன் மண்டபத்துக்குள் நுழைந்ததும் தேடினான். "மச்சான், உங்கட பெட்டி இஞ்ச நடுவில இரிக்குமாமே, ஊரெல்லாம் கதை?" பெட்டி அறைக்குள் போயிருந்தது. எப்போது போனது என்று அச்சிமுகம்மதுவுக்கும் தெரியாது. ஒரு நாள் தொழுதுவிட்டு வந்து பார்த்தான், இருந்த இடத்தில் இல்லை.

பழைய கரை சந்தையில் பலரின் கண்ணில் பட்டுவிட்டது, இனி அது ஆகாது என்று இரண்டு ஆண்களும் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஸுலைஹா தறிக்குள் காலை விட்டுக்கொண்டு அமர்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு முழத் துணி முடிகிற தறுவாயில் இருந்தது. அதை அவள் யாரும் கேட்காமலே தொடங்கிவிட்டாள். நீலக் கரை. நடுவில் இரண்டு மஞ்சள். ஒன்று ஒளியும்போது மற்றது வெளியே வரும். ஒரு நாளும் இரண்டும் ஒன்றாய்த் தெரியாது.

"கச்சி, இஞ்ச வா" என்றாள். "இத நீதான் கொண்டு போற. அவளுட்ட குடுக்கக்குள்ள சொல்லணும், இது அச்சிமுகம்மது குடுத்ததில்ல, அவர்ட பெண்டாட்டி குடுத்தது எண்டு. விளங்கிச்சா? குடுக்கிறது நான்."

"எனக்கு அவட பாசை தெரியாதே ராத்தா?"

"நெஞ்சில கை வெச்சுக் காட்டு. உன்ட மச்சான் காட்டினாராம்."

கச்சிமுகம்மது சிரித்துக்கொண்டே தேத்தண்ணி குடிக்க எழுந்து போனான். அச்சிமுகம்மது அங்கேயே நின்றான். தறி நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. ஸுலைஹா துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அவள் அழகா?"

அவன் கூரையைப் பார்த்தான். கோழியைத் தேடினான், கோழி இல்லை. இரண்டு விரல் மடங்காத கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இல்ல" என்றான்.

நாடா நடுவழியில் நின்றுவிட்டது. ஸுலைஹா தலையை நிமிர்த்தி அவனை நன்றாகப் பார்த்தாள். அவன் காது இரண்டும் சிவந்து போயிருந்தன.

"கத்திரிக்கோல எடுத்திட்டு வாங்க" என்றாள். "நேரா வெட்டணும்."